கட்டிலுக்கு அடியில் சீனி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெடி வைக்கிற காலி அட்டைப்பெட்டியில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார் இந்த மனுஷன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாத்தூருக்கு லோடு இறக்கப் போன இடத்தில் யாரோ கொடுத்தார்களாம். லாரி ஓட்டுகிறவர் வாரத்தில் நாலு நாள் வெளியூர். அப்புறம் யார் பார்ப்பது? "பிள்ளைக பாத்துக்கிடும்" என்கிறார். எழில் ஐந்தாம் வகுப்பு, முனியராஜ் இரண்டாம் வகுப்பு. சாப்பிட்ட தட்டைக் கழுவாத பிள்ளைகள். இரண்டும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தன, நாங்களே எல்லாம் செய்வோம் என்று. பெயர்கூட வைத்தாகிவிட்டது. சீனியாம்.

ஆகஸ்ட் 27, புதன்

சத்தியம் மூன்று நாள் தாங்கியது.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஐந்து மணிக்கு எழுந்து சோறு பொங்கி, நாய் போட்டு வைத்ததை அள்ளிக் கொட்டி, தரையைக் கழுவி, ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினேன். எழில் போர்வைக்குள் இருந்தபடி, "யம்மா, சீனிக்குப் பால் ஊத்து" என்று உத்தரவு போடுகிறாள். தீபாவளி சீசன், வெடிக்குத் திரி சொருகிச் சொருகி விரல் மரத்துப்போகிறது. வீட்டுக்கு வந்தால் பாயில் ஈரம்.

ஆனாலும் ஒன்று. சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும் முதலில் ஓடி வருவது அதுதான். பிள்ளைகள் டிவியை விட்டு எழுந்திருப்பதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் கல்யாண வெடி. சீனி நடுங்கிப்போய் எழிலின் பாவாடைக்குள் புகுந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு. பதினாலு வருஷமாக வெடி செய்கிறவள் வீட்டு நாய் வெடிக்குப் பயந்தால் ஊர் என்ன சொல்லும்? "தீபாவளிக்குள்ள சத்தம் பழக்கிரணும்" என்றேன். கடையில் ஒரு பாக்கெட் பொடி வெடி வாங்கினேன். சீனியைத் தூணில் கட்டி, ஒரு கையால் தடவிக்கொடுத்தபடியே பக்கத்தில் ஒன்றைக் கொளுத்திப் போட்டேன். இரண்டாவதும் போட்டேன். "வேண்டாம்மா" என்று எழில் அழுதாள். "சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியுமாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நான் வீட்டுக்குள் கால் வைத்தால் அது கட்டிலுக்கு அடியில். நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. அதே சோற்றை முனியராஜ் வைத்தால் தின்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

கட்டிலுக்கு அடியிலேயே மூத்திரம். குனிந்து வெளியே இழுத்தேன். விரலில் பல்லைப் பதித்துவிட்டது. அரை நாள் சம்பளம் போக, பெரியாஸ்பத்திரியில் ஊசி. "நீதான அதைப் பயமுறுத்துன" என்று எழில் முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஓங்கிய கையை எப்படி இறக்கினேன் என்று தெரியவில்லை. பீ அள்ளுவது நான், சோறு வடிப்பது நான், வில்லியும் நான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று ஒன்று புரிந்தது. என் கூட வேனில் வருகிற மூக்கம்மாக்காவைக் கண்டாலும் சீனி கட்டிலுக்கு அடியில்தான் ஓடும். அவள் காய்ச்சல் என்று ஆறு நாளாக வேலைக்கு வரவில்லை. இன்று வாசலில் வந்து உட்கார்ந்தாள், இது போய் அவள் காலை நக்குகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே சொன்னாள்: "ஏட்டி பொன்மணி, உம்மேல கோவம் இல்லட்டி அதுக்கு. வெடிமருந்து வாடை. ஆறு நாளா எம்மேல அது இல்ல."

கந்தகம். வெடி வெடித்தபோது தடவிக்கொடுத்த கையிலும் அதே வாடைதானே.

அக்டோபர் 4, சனி

எலுமிச்சை, சீயக்காய், அரப்பு, கடலைமாவு. வாசலிலேயே குளித்துவிட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். ஓடிவிட்டது. நகக்கண்ணை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. பதினாலு வருஷத்தில் என் மூக்குக்கு அது பழகிவிட்டது. அதற்கு எப்படிப் பழகும்?

பிறகு வாய் விட்டு அழுதேன். நாய்க்காகவா, எனக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அவர் முடிவு சொல்லிவிட்டார். சூலக்கரையில் முத்துராமலிங்கம் அண்ணாச்சி காவலுக்கு ஒரு நாய் கேட்டிருக்கிறாராம். "பிள்ளைக இருக்க வீடு, கடிக்கிற நாய் ஆகாது. தீபாவளி கழிச்சுக் கம்பெனி லீவு விடுவாகல்ல, அது முடியுற வரைக்கும் இருக்கட்டும். திரும்பத் திறந்தப்புறமும் உன்னயக் கண்டு ஓடுச்சுன்னா குடுத்துருவோம்." எழில் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தலை பின்ன மூக்கம்மாக்காவிடம் போகிறாள்.

போய்த் தொலையட்டும் என்றுதான் நானும் சொன்னேன். சொல்லிவிட்டு வேலை ஓடவில்லை.

அக்டோபர் 20, திங்கள் – தீபாவளி

எங்கள் வீட்டில் வெடி இல்லை. முனியராஜ் தரையில் புரண்டு அழுதான், அசையவில்லை நான். ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? காலையிலிருந்து தெருவே அதிருகிறது. சீனிக்கு வாயில் நுரை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக்கொண்டேன், கிட்டே போகவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அது உதறுவது தரை வழியாக என் முதுகில் தெரிந்தது. இதில் எத்தனைக்கு நான் திரி சொருகியிருப்பேனோ. "தப்புதான்டா, நான் செஞ்சது தப்புதான்" என்று சொன்னேன். எழில் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகுதான் பார்த்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

கம்பெனி லீவு. இரண்டு வாரமாக மருந்தைத் தொடவில்லை. இன்று நான் வைத்த சோற்றைத் தின்றது. நான் திரும்பி உட்கார்ந்திருந்தபோதுதான். இருந்தாலும் தின்றது.

நவம்பர் 16, ஞாயிறு

எழில் வந்து தலையைக் காட்டி உட்கார்ந்தாள், பின்னிவிட்டேன். சீனி என் முந்தானையில் தலை வைத்துத் தூங்குகிறது. சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது. டிசம்பர் எட்டாம் தேதி கம்பெனி திறக்கிறார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு

வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நாய்க்காக வேலையை விட்டாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். வேறு எந்த வேலை தெரியும் எனக்கு?

அவர் வண்டியை எடுத்து நிறுத்திவிட்டார். நாளைக்கு சீனி என்னைக் கண்டு ஓடினால், நாளன்றைக்குச் சூலக்கரை.

டிசம்பர் 8, திங்கள்

சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை. வாசலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். சீனி ஓடி வந்தது. நாலு எட்டில் நின்றது. மூக்கைத் தூக்கியது. காது பின்னால் மடங்கியது, உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அவர் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை.

அது திரும்பி வீட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு வயிற்றைத் தரையோடு இழுத்துக்கொண்டு மெல்ல வந்தது. என் விரலை முகர்ந்தது, இரண்டு தும்மல் போட்டது, நடுக்கம் நிற்காமலேயே என் பாதத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

எழில் ஒரு வாளித் தண்ணீரும் அரப்புமாக வந்து நின்றாள். "அங்கன வச்சிரு தாயி, அப்புறமாக் குளிச்சிக்கிடுதேன்" என்றேன்.