புளித்தண்ணீரில் ஊறிய ஷவர் குழாய்

இன்று நம் குளியலறை முழுக்கப் புளி வாசம். நீ இருந்திருந்தால் கதவோரம் நின்று சிரித்திருப்பாய். ஷவர் குழாயைக் கழற்றி மாட்டிவிட்டேன், தெரியுமா? நானேதான்! உன்னிடம் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளாகவே அதன் கைப்பிடி முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் முறுக்கினால்தான் அசையும். பார்க்க வந்த பிளம்பர், பழைய மாடல், உள்சாமான் கிடைக்காது, சுவரை உடைத்துப் புதிதாக வைத்துவிடலாம் என்றார். இன்று மதியம் ஆளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சுவர் என்று அவர் சொன்னது, நீ பெரம்பலூர், அரியலூர் என்று கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த டைல்ஸை. ஓரத்தில் பச்சைக் கொடி ஓடும் அந்த டைல்ஸ் இப்போது எங்கும் வருவதில்லை. அதன்மேல் சுத்தியல் விழுவதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

நான் துபாயில் இருந்த காலத்தில் இந்த வீட்டில் எது கெட்டாலும் எனக்கு உடனே தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் போடுவேன். மோட்டாரோ பூட்டோ, எல்லாம் சரியான பிறகுதான் வாயைத் திறப்பாய். "பண்ணியாச்சு. நீங்க சாப்டீங்களா?" அவ்வளவுதான். நம் லெப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளில் அன்றைக்கு இதே பேச்சுதான்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டாய். வீடியோவில் கூப்பிட்டால், நீ இதே குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். போனை சோப்பு மாடத்தில் சாய்த்து வைத்தாய். அப்படித் திருப்பு, இப்படி இழு, விட்டுவிடு, பிளம்பரைக் கூப்பிடு என்று நான் அங்கிருந்தே அதிகாரம் பண்ணினேன்.

"அங்கேருந்து கத்தாதீங்க, எனக்குக் கை ஓட மாட்டேங்குது" என்று போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாய். அப்புறம் வெகுநேரம் நான் பார்த்தது பச்சைக் கொடியை மட்டும்தான். காதில் விழுந்தது, நீ உனக்கு நீயே முணுமுணுத்தது.

"மொதல்ல மாடி வால்வ அடைக்கணும். கழட்டுன வரிசையிலயே பேப்பர்ல வைக்கணும். புளித்தண்ணில போட்டா உப்பு விட்டுரும்."

இன்று காலை அதையே முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் கணவனாயிற்றே, அவசரத்தில் மாடியில் சமையலறைக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு வந்து இதைக் கழற்றினேன். தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்தது. சொட்டச் சொட்ட மாடிக்கு ஓடினேன். பிறகு எல்லாம் உன் கணக்குப்படிதான். புளித்தண்ணீரில் ஊறியதும், போர் தண்ணீர் படிய வைத்த உப்பு சுண்ணாம்பு மாதிரி பொரிந்து வந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஹார்டுவேர் கடையில் வாங்கிய கிரீஸ் தடவி, பேப்பரில் வைத்த வரிசைப்படி மாட்டினேன்.

ஒற்றை விரலால் திரும்புகிறது! திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். சட்டையோடு ஷவருக்கு அடியில் நின்று சின்னப் பையன் மாதிரி சிரித்தேன். டைல்ஸில் ஒரு கீறல் இல்லை.

பிளம்பருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலை துவட்டுவதற்குள் ஜெயங்கொண்டத்திலிருந்து நம் மகள் கூப்பிட்டாள். "பிளம்பர் வந்தாரா அத்தா? சுவர உடைச்சிட்டாங்களா?"

"பண்ணியாச்சு. நீ சாப்டியாம்மா?" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, உன் பேச்சு என் வாய்க்குக் குடிவந்துவிட்டது.