பாதி டப்பா

ஜூன் 14

வாலுவோட அம்மாவுக்கு,

உன் அக்கா வீட்டுக்குப் போன் பண்ணா அவங்கதான் எடுக்கறாங்க. நீ தூங்கறேன்னு சொல்றாங்க. அதனால எழுதறேன்.

இங்க வண்டி ஓடுது. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வாலுவுக்குச் சாப்பாடு கட்டணும். உன்னைக் கட்டிக்கிட்டதுகூட இவ்வளவு கஷ்டமா இல்லை. நேத்து தயிர் கவிழ்ந்து வாய்ப்பாடு புஸ்தகம் நனைஞ்சு போச்சு. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னதான் கட்டறது? நீ எப்படிக் கட்டுவேன்னு பக்கத்துல நின்னு ஒரு நாள்கூடப் பார்க்காமப் போயிட்டேன். ரெண்டு வரி எழுது.

வாலு உன்னைக் கேட்கறா. நானும்தான்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 20

வாலுவின் அப்பாவுக்கு,

நீல மூடி டப்பா வேண்டாம். அது எனக்கே திறக்காது. சாப்பிடக் கொஞ்ச நேரம்தான் விடுவாங்க. மூடியோட மல்லுக்கட்டிட்டு இருந்தா எப்ப சாப்பிடறது? அவளே திறக்கற டப்பாவாப் பாருங்க. முட்டையை உரிச்சு வைங்க. ஆப்பிளை நறுக்கி, மறுபடி ஒண்ணு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டா அவ்வளவு கறுக்காது. சாதம் ஆறினதுக்கு அப்புறம் மூடுங்க. தயிருக்குத் தனி டப்பா.

பையன் மூச்சே விடாமப் பிறந்ததுலேருந்து எனக்கு எதுவும் எட்டலை. அக்கா தட்டுல போடறதைச் சாப்பிடறேன். ருசி தெரியலை. அழுகையும் வரலை. அக்கா அழச் சொல்றாங்க, வந்தா அழ மாட்டேனா. தொட்டில் இருக்கற ரூமை மூடியே வைங்க.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஜூலை 1

வாலுவோட அம்மாவுக்கு,

'வாலுவின் அப்பாவுக்கு', 'இப்படிக்கு'ன்னெல்லாம் எழுதியிருக்கே. கரண்ட் ஆபீஸுக்கு எழுதற மனு மாதிரி இருக்கு. போகட்டும்.

நீ சொன்னபடியே கட்டறேன். ரப்பர் பேண்ட் போட்ட ஆப்பிளைப் பார்த்து வகுப்பே சிரிச்சுதாம், அவளுக்கு ஒரே பெருமை. ஆனா தினமும் பாதி திரும்பி வருது. முட்டையில பாதி, ரொட்டியில பாதி, கோடு போட்டு வெட்டின மாதிரி. குப்பையில கொட்ட மனசு வரலை, அதனால கட்டறதையே பாதியாக் குறைச்சேன். இப்போ அதுலயும் பாதி வருது. உன் பொண்ணாச்சே, பிடிவாதத்துக்குக் கேட்கணுமா.

நீ சாப்பிடறியா?

உன் வீட்டுக்காரன்


ஜூலை 9

வாலுவோட அம்மாவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடலை. பரவாயில்லை, இதுக்காவது போடு.

பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க. கஷ்டத்துல இருக்கற குடும்பங்களைப் பார்த்துக்கறதுக்குன்னே அங்க ஒரு டீச்சர் இருக்காங்க. மத்தியானத்துல வாலு பெஞ்சுலயே தூங்கிடறாளாம். டப்பாவுல இவ்வளவுதான் வைக்கறீங்களா, வீட்டுல ஏதாவது சிரமமான்னு பதமாத்தான் கேட்டாங்க. ஏன் பாதியைச் சாப்பிடாம வைக்கறேன்னு வாலுகிட்ட அங்கயே கேட்டேன்.

"அது தம்பி பங்கு. அம்மாதான் மிச்சம் வைக்கச் சொன்னாங்க."

அப்பதான் விளங்குச்சு. வயித்துல அவன் இருந்தப்போ சாயங்காலம் பள்ளிக்கூடக் கேட்டுல நின்னு அவ டப்பாவை வாங்கித் தின்னுவியே, உள்ள இருக்கறவனுக்கும் பசிக்கும், மிச்சம் வைன்னு சொல்லி. அதை இன்னும் விடாம வச்சிருக்கா. நான் பாதியாக் குறைச்சேன், அவ அதுலயும் பாதி எடுத்து வச்சிட்டு, கால் வயித்தோட உட்கார்ந்திருக்கா.

தம்பி வரமாட்டான்னு சொன்னேன். "அம்மா சொல்லலையே"ங்கறா. நான் சொன்னா செல்லாது. நீ வந்து சொல்லு, இல்லை ஒரு வரி எழுது, படிச்சுக் காட்டறேன். பிள்ளை பட்டினி கிடக்கறா. எனக்கு வேற வழி தெரியலை.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 13

ஏங்க,

பாதி திரும்பி வருதுன்னு நீங்க எழுதினப்பவே ஏன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எழுதக் கை வரலை. பேனாவை எடுத்து வச்சிட்டு மத்தியானம் முழுக்க ஜன்னலையே பார்த்துட்டு இருந்தேன். பிள்ளை பட்டினின்னு படிச்சும் எனக்குள்ள ஒண்ணும் அசையலை. அதுதான் பயமா இருக்கு.

அவளுக்கு எழுதிப் படிச்சுக் காட்டற விஷயம் இல்லை இது. திங்கட்கிழமை முழு டப்பா கட்டுங்க, குறைக்காதீங்க. பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு நான் கேட்டுல நிப்பேன். அவ வச்சிருக்கற பாதியை அவ கண்ணு முன்னாடியே சாப்பிடறேன். தம்பி இல்லைன்னு நானே சொல்லிடறேன். நாளையிலேருந்து முழுசும் உனக்குத்தான்னும் சொல்றேன். அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வரோம்.

அங்க வந்தா சரியாயிடுவேன்னு நினைச்சுக்காதீங்க. அடுப்புப் பக்கம் போவேனான்னே தெரியலை. கொஞ்ச நாளைக்கு நீங்களே கட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்.

திங்கட்கிழமை டப்பாவுல ஸ்பூன் ரெண்டா வைங்க.

நான்தான்