வீட்டில் பியானோ இருக்கிறதா?

அன்புள்ள டோர்கெய்ர்,

நாற்பத்தாறு வயதில் எனக்கு இசைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சிரிக்காதே. நேற்று பாடத்திட்டம் போட உட்கார்ந்தோம். பாட்டு முதன்மைப் பாடம், பியானோ கட்டாயம்.

"தினம் ரெண்டு மணி நேரம் வாசிக்கணும். வீட்ல பியானோ இருக்குல்ல?" என்று கேட்டாள் ஆலோசகர் ரான்வெய்க்.

"ஓ, இருக்கே!" என்றேன். நம் வீட்டைவிட்டுப் பெட்டியோடு நான் வெளியேறி எட்டு மாதம் ஆகிவிட்டதும், பியானோ உன்னிடம் இருப்பதும் சொன்ன பிறகுதான் உறைத்தது.

அதன் மேல் நீ குவித்திருக்கும் தூண்டில் சாமான்களை எடுத்துவிடு. செவ்வாய், வியாழன் மாலை வரட்டுமா? மற்ற நாட்களை நீயே சொல்.

கல்லூரியில் பயிற்சி அறை கிடையாதா என்று கேட்பாய். இருபது இருக்கின்றன, எல்லாவற்றிலும் பியானோ. நான் ஒன்றுக்கும் பெயர் பதியவில்லை.

இப்படிக்கு,
சாவியை இன்னும் திருப்பித் தராதவள்