கத்திக் கணக்கில் வராத கைகள்

ஜனவரி 25, செவ்வாய்

பனி. போர்வை முழுக்க ஈரம். டைரியில் திங்கள் என்று அச்சடித்திருக்கிறது. இது போன வருஷத்து, 1965 டைரி. விருத்தாசலம் கடைத்தெருவில் பழசு என்று சல்லிசாகக் கொடுத்தான். கிழமையை அடித்து அடித்து எழுத வேண்டியதுதான்.

மேல்பட்டாம்பாக்கம் வந்து சேர்ந்தாயிற்று. திட்டக்குடிப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தோம். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பன்னிரண்டு ஜோடி, ஆறு வண்டி. வழியில் மங்கலம்பேட்டையில் எங்கள் மாடு செவலைக்கு லாடம் அடித்தோம். அப்போதே காலைத் தாங்கித் தாங்கித்தான் வைத்தது. மழை பொய்த்த வருஷம், ஊரில் வைக்கோல் கிடையாது, விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. ஜோடி மாடு மயிலை பரவாயில்லை. அது எதைப் போட்டாலும் தின்னும், என் கொழுந்தன் மாதிரி.

வாங்க வேண்டியது: உப்பு. மண்ணெண்ணெய். செவலைக் காலுக்கு வேப்பெண்ணெய். நாத்தனார் கண்ணம்மாவுக்குத் தைலம் (தலைவலி இல்லை, சும்மா கேட்கிறாள்).

சாயங்காலம் நிலத்துக்காரர் சபாபதி வந்தார். வரப்பில் நின்றபடியே,

"ஆறுமுகம், ஒரு சேதி. இந்த வருஷம் கொழுந்தாடைய நீங்க தொட வாணாம். கடலூர் காதர் பாய்க்குப் பேசி உட்டுட்டேன். அவுரு எருமைங்களுக்கு."

ஆறுமுகம் எங்கள் வீட்டுக்காரர். இந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன்.

"மாடுங்களுக்கு இன்னா பண்றதுங்க மொதலாளி?"

"அது உங்க மாடுப்பா."

எங்கள் மாடாம். இவர் கரும்பை ஆலைக்கு இழுக்கும்போது மட்டும் யார் மாடு?

கரும்பு நுனியில் இருக்கிற பச்சைத் தோகைதான் கொழுந்தாடை. வெட்டுகிற ஆட்களின் மாட்டுக்கு அது என்பது பேச்சே இல்லாத வழக்கம். என் மாமியார் வெட்டுக்கு வந்த காலத்திலும் அப்படித்தான். அதை நம்பித்தானே இந்தப் பஞ்சத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தோம்! கூலிக்காக மட்டும் வரவில்லை.

ஜன. 26, புதன்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடி பிடித்துப் போனார்கள். நாங்கள் கத்தி பிடித்துப் போனோம்.

முதல் வெட்டு. ஆண்கள் அடியில் வெட்டிச் சாய்க்க, நாங்கள் காய்ந்த இலையான சோகையை உரித்து, நுனிக் கொண்டையை நறுக்கி, கட்டுக் கட்டி, வண்டிக்குத் தூக்கி. கை பூராவும் அறுப்பு. பகல் சாய்ந்ததும் பாயின் ஆள் வண்டி கொண்டுவந்து கட்டுக்கு முறுக்கியது போக நாங்கள் நறுக்கிய கொழுந்தாடை முழுவதையும் அள்ளிக்கொண்டு போனான். எங்கள் மாடுகள் பார்த்துக்கொண்டே நின்றன.

மாட்டுக்குக் காய்ந்த சோகை போட்டோம். மயிலை தின்றது. செவலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தெருத்தெருவாகப் போய் வைக்கோல் கேட்டு வந்தேன். ஒரு வீட்டில் ஒரு பிடி. இன்னொரு வீட்டில், "வெட்டுக்கு வந்தவளா? கொழுந்தாடை இருக்குமே, போய்ப் போடு." ஊருக்கே தெரிந்த வழக்கம் சபாபதிக்கு மட்டும் மறந்துபோச்சு.

டீக்கடையில் காதில் விழுந்தது: "உள்ளூர் ஆம்பிளையெல்லாம் நெய்வேலிப் பக்கம் மண்ணு வெட்டப் பூட்டான். கரும்புல எறங்க ஆளு ஏது? இந்தத் திட்டக்குடியாளுங்க வரலேன்னா அத்தினியும் நின்னுகினு பூ வுட்டு வீணாப் பூடும்."

அதை வந்து சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார், "போனாப் போவுது புள்ள. வெளியூர்ல வந்து சண்ட போட முடியுமா?" போனால் போகட்டும் என்று விட மாடு என்ன முருங்கைக்காயா?

ஜன. 27, வியாழன்

நச்சரித்து நச்சரித்து அவரைக் கடலூருக்கு பஸ் ஏற்றினேன். மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கம், அவரைக் கேட்டு வரச் சொல்லி. வீட்டுக்காரர் பங்குக்கும் சேர்த்து நானும் கண்ணம்மாவும் வேலை செய்தோம். இடுப்பு ஒடிந்தது.

இருட்டுமுன் வந்தார். கையில் முறுக்குப் பொட்டலம். முறுக்கு வாங்கினாலே சேதி நல்லதில்லை என்று அர்த்தம்.

"நாம ரேகை வெச்ச காயிதத்துல பன்னண்டு கத்தி வெட்டணும்னு இருக்கு. கொழுந்தாடையப் பத்தி ஒண்ணுமில்ல. வெட்ட மாட்டேன்னு குந்தினா தப்பு நம்ம மேலதானாம்."

"கட்டு கட்டுறதப் பத்தி?"

"அதுவும் இல்ல. கத்திதான் கணக்கு. பொம்பளைங்க பேச்சே அதுல இல்ல."

திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னார். கையிலிருந்த முறுக்கை அப்படியே வைத்துவிட்டேன்.

கத்தி வெட்டணும். வெட்டட்டும்! உரிக்கிறதும் நறுக்குறதும் கட்டுறதும் யார்? காகிதத்தில் இல்லாதவர்கள். இல்லாதவள் எப்படி வேலை செய்வாள்?

கண்ணம்மாவிடம் சொன்னேன். சிரித்து உருண்டாள். "அண்ணி, இத்தினி வருஷம் நம்மளக் கணக்குல சேக்காம வுட்டது எவ்ளோ நல்லதாப் போச்சி!" தலைவலி போய்விட்டதாம். எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுப் பேசினோம். ஒருத்திகூட மறுக்கவில்லை. மாடு எல்லாருக்கும் இருக்கிறது.

ஜன. 28, வெள்ளி

விடிந்ததும் ஆண்கள் கத்தியோடு இறங்கினார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்துகொண்டோம். பேன் பார்த்தோம். வெற்றிலை போட்டோம். பழக்கமில்லாமல் கை பரபரத்தது, சும்மா இருக்கிறது பெரிய வேலை.

வெட்டின கரும்பு கொண்டையோடு, சோகையோடு, கட்டில்லாமல் வயல் முழுக்கக் கிடந்தது. பாயின் வண்டிக்கும் ஒன்றுமில்லை, ஆலைக்கும் ஒன்றுமில்லை. சபாபதி ஓடி வந்தார்.

"இன்னாடா ஆறுமுகம் இது? பொம்பளைங்க ஏன் குந்திக்கினு இருக்காங்க?"

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஒப்பந்தப்படி பன்னண்டு கத்தியும் வெட்டுதுங்க மொதலாளி. ஒண்ணும் கொறைவு இல்ல."

"கட்டு கட்ட வாணாமா?"

"கொழுந்தாடைய முறுக்கித்தானுங்க கட்டு கட்டுவோம். அதத் தொட வாணாம்னு நீங்கதான் சொன்னீங்க. பாய் வூட்டுப் பொருளு. எப்பிடித் தொடுறது?"

பின்னாலிருந்து கண்ணம்மா, "அதுவுமில்லாம நாங்க உங்க கணக்குலயே இல்லீங்களே!"

"ஏ, ஆறுமுகம் பொண்டாட்டி, வாய் ஜாஸ்தியாப் போச்சு" என்று கத்திவிட்டுப் போனார். அவர் முதுகு மறையும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தோம் பாருங்கள், வயிற்றுவலியே வந்துவிட்டது.

பாருங்கள் என்று யாருக்கு எழுதுகிறேன்? டைரிக்குத்தான்.

ஜன. 29, சனி

சபாபதி பம்புசெட் கொட்டகையைப் பூட்டிவிட்டார். தண்ணீர் கிடையாது. குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய் ஊற்றுத் தோண்டி மொண்டு வந்தோம். மாட்டையும் அங்கேயே ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டினோம். செவலை பாதி வழியில் நின்றுவிட்டது. குடத்தில் கொண்டுவந்து கொடுத்தேன்.

பண்ருட்டியிலிருந்து ஆள் கொண்டுவந்தார் சபாபதி. முந்திரி உடைக்கிற பெண்கள், பாவம். கூடவே தேங்காய்க் கயிறு ஒரு மூட்டை. கட்டினார்கள். ஊர் வண்டி ஒன்றில் ஏற்றினார்கள். ரயில்வே கேட் மேட்டில் ஏறி இறங்கியதும் கட்டெல்லாம் வழுக்கி அவிழ்ந்து ரோடு பூராவும் கரும்பு. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கரும்பு வழவழப்புக்குக் கயிறு நிற்காது. பச்சைத் தோகையை எதிர்முறுக்கு முறுக்கி உள்ளே செருகினால்தான் பிடிக்கும். அது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பண்ருட்டிப் பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்து, "எங்களுக்கு வெவகாரம் தெரியாதுக்கா. தெரிஞ்சா வந்திருக்க மாட்டோம்" என்றாள். கை முழுக்க முந்திரிப்பால் பட்ட கறுப்பு. அவர்களுக்குக் கஞ்சி ஊற்றி அனுப்பினோம்.

ஜன. 30, ஞாயிறு

செவலை படுத்துவிட்டது.

தூக்கி நிறுத்திப் பார்த்தோம். முன்னங்கால் மடங்குகிறது. பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. இது போனால் மயிலையை ஒற்றையாக வைத்துக்கொண்டு என்ன உழுவது? வண்டி கிடையாது, ஏர் கிடையாது. அடுத்த வருஷம் தலையில் மூட்டையோடு நடந்து வந்து எவன் வண்டிக்காவது கூலியாக நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் புடிவாதத்தால என் மாடு சாவப் போவுது" என்றார். சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. "என் புடிவாதத்தால இல்ல மாமா, சபாபதி பேராசையால. இன்னிக்கு வுட்டுட்டா இனிமே எந்த வயல்லயும் நமக்குக் கொழுந்தாடை கெடையாது. ஆறு வண்டி மாடும் ஒவ்வொண்ணாப் படுக்கும்" என்றேன். எழுந்துபோய்ப் பீடி பற்றவைத்தார். நான் அழுதேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

மத்தியானம் காதர் பாய் தானே வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கோபம்.

"நான் காசு குடுத்து வாங்கினது தோகைம்மா. யாருகிட்டயும் புடுங்கல. பெருநாள் முடிஞ்சி வாடிக்கையெல்லாம் பால் பால்னு நிக்கிறான். எருமைக்குப் பச்ச இல்ல. நான் எங்க போவேன்?"

"அது யாருதுன்னு கேட்டு வாங்கினீங்களா பாய்?"

"கரும்பு யாருதோ தோகையும் அவுருதுதானே?"

நான் செவலையைக் காட்டினேன். மாட்டுக்கார மனுஷன், சும்மா நிற்க முடியுமா? குந்தி உட்கார்ந்து கண்ணை இழுத்துப் பார்த்தார், காதைத் தொட்டார், வயிற்றை அமுக்கினார்.

"நோவு ஒண்ணுமில்ல தங்கச்சி. பசி. வெறும் பசி." துருத்திய விலா எலும்பைத் தடவினார். "யா அல்லா, இந்த மாட்டு வாயிலேர்ந்தா எனக்கு வித்தாரு அவுரு?"

வண்டியிலிருந்து வைக்கோல் இரண்டு கட்டு இறக்கிப் போட்டார். வேண்டாம் என்றேன். "ஒனக்கு இல்லம்மா, மாட்டுக்கு" என்றார். அங்கிருந்து நேராகச் சபாபதி வீட்டுக்குப் போனார், கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்க. தெருமுனைவரை சத்தம் கேட்டதாகக் கண்ணம்மா சொன்னாள். ஆசையாகப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

செவலை படுத்தபடியே கொஞ்சம் தின்றது.

ஜன. 31, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை வெட்டின கரும்பு வதங்க ஆரம்பித்துவிட்டது. எடை போகும். ஆலைக்காரர் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு நாளைக்குள்ள அனுப்புங்க, இல்லேன்னா உங்க முறை தள்ளிப் போயிடும்" என்று சபாபதியிடம் சொன்னார். எங்களுக்கும் கேட்கிற மாதிரி.

சபாபதி வரப்பிலிருந்து இறங்கி வந்தார். முதல் தடவையாக வயலுக்குள் கால் வைத்தார்.

"சரி. கொழுந்தாடைய எடுத்துக்குங்க. எழுந்திரிங்க. தைப்பூசத்துக்கு வடலூர் போவணும் நானு, அதுக்குள்ள முடிச்சித் தொலைங்க."

எங்கள் வீட்டுக்காரர் கும்பிடக் கை எடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. மற்ற பெண்களும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இன்னாம்மா?"

"இந்த வருஷம் குடுத்துட்டு அடுத்த வருஷம் இன்னொரு பாய்க்கு விப்பீங்க மொதலாளி. கத்திக்குக் கூலி ஆம்பிளைங்க பேர்ல இருக்கு. கொழுந்தாடை, கட்டுறவ பேர்ல இருக்கணும். சாயங்காலம் கணக்குப்பிள்ள வந்து, ஒவ்வொருத்தியயும் பேர் சொல்லிக் கூப்ட்டு அவங்க அவங்க பங்கக் குடுக்கணும்."

"பொம்பளைங்களுக்குக் கணக்கா? ஊர்ல கேட்டா சிரிப்பான்."

"சிரிக்கட்டும்ங்க."

முறைத்தார். வயலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பதில் சொல்லாமல் போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்காரர், "குடுத்தத வாங்கிக்கினு கம்முனு இருக்கக் கூடாதா?" என்றார். ஆனால் இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "குடுப்பாரு புள்ள. வேற வழியில்ல அவுருக்கு" என்றார். ஆற்றுக்கு அவரும் குடம் தூக்கி வந்தார். கண்ணம்மா அதைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பிப்ரவரி 1, செவ்வாய்

பம்புசெட் திறந்திருந்தது. ஆள் சொல்லி அனுப்பவில்லை, பூட்டுதான் இல்லை. அதுவே பதில். இறங்கினோம். நாலு நாள் வேலையை ஒரே நாளில், கை பேய் மாதிரி ஓடியது. ஆறு வண்டி ஏற்றினோம். செவலைக்குப் பதிலாக மயிலையோடு பூட்ட வேறு மாடு இரவல். ரயில்வே கேட் மேட்டில் ஒரு கட்டு அவிழவில்லை.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்தார். கொழுந்தாடை பன்னிரண்டு குவியல். கையில் பென்சில், முகத்தில் கசப்பு.

"ஆறுமுகம் பொண்டாட்டி."

நான் நகரவில்லை.

"ஏம்மா, ஆறுமுகம் பொண்டாட்டி! உன்னத்தான்."

செவலை கழுத்தை நீட்டிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அள்ளிப் போட்டுவிடலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், "அவளுக்குப் பேரு இருக்குங்க ஐயா. கேளுங்க."

கணக்குப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "பேரு இன்னாம்மா?"

"அஞ்சலை."

எழுதினார். அடுத்தவளைக் கூப்பிடும் முன்பே கண்ணம்மா தன் பேரை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். சிலர் பேர் எனக்கே இன்றுதான் தெரியும், இத்தனை வருஷம் கூட வெட்டியும்.

கை நிறைய அள்ளிக்கொண்டு போனேன். செவலை முன்னங்காலை ஊன்றியது, வழுக்கியது, மறுபடி ஊன்றியது. எழுந்து நின்று தின்கிறது.