போணக்காட்டில் திறந்த பை

அக்கா,

இன்று காலை சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடை முன்னால் சாக்கு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை வேரும் ஈர மண்ணும் கலந்த வாசனை. மூக்கில் பட்டதும் கால் தானாக நின்றுவிட்டது. கடைக்காரர் "எந்தா வேண்டே சேச்சி?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று நகர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் சொல்லாமலே அது உனக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் இத்தனை வருடமாக என்னை அரித்தது.

என் புத்தி உனக்குத் தெரியும். பால்காரர் சிரித்தால் இன்று தண்ணீர் கூடியிருக்கும் என்று நினைக்கிறவள் நான். ஆபீஸில்தான் நீ எனக்கு அக்கா ஆனாய்; நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. உன் டிபன் பாக்ஸில் பாதி எனக்குத்தான். இருந்தும் உன்னையும் நான் விட்டுவைக்கவில்லை. நாம் மலைக்குப் போன வருடம், கையெழுத்துப் போடவேண்டிய ஃபைலையெல்லாம் "நாளைக்குப் பாக்கலாம்" என்று நீ தள்ளிவைக்க ஆரம்பித்தாய். உன் கடிதங்களை என்னை எழுதச் சொன்னாய். நாளை ஏதாவது வில்லங்கம் வந்தால் என் தலையில் கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் அகத்தியர்கூடம் மலைக்குப் போகலாம் என்றாய். பொன்முடி பஸ்ஸில் ஏறினாலே வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்கிறவள், மூன்று நாள் காட்டில் நடக்கப்போகிறாளாம்! "இப்ப பொம்பளைங்களையும் விடுறாங்கல்லா, ஒருக்கா போய்ட்டு வருவோம் கேட்டியா" என்றாய். பக்தியா என்று கேட்டேன். "பக்தின்னே வச்சுக்கோயேன்" என்றாய். அந்த 'வச்சுக்கோயேன்' எனக்குப் போதும். உன்னைக் கண்காணிக்கவே கூட வந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

போணக்காடு வனத்துறைச் சாவடியில் நம் பைகளைக் கொட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் சாமான்களைக் குறித்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துவரக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். வழிகாட்டியாக அந்தக் காட்டுப் பழங்குடியான காணிக்காரர் ஒருவர் வந்தார். அவர்களுடைய மலை அது. உச்சியில் நிற்கும் அகத்தியர் அவர்களுக்குச் சாமி மட்டுமல்ல, குலத்துக்கே பெரியவர். அவர் பேச்சு மலையாளத்தைவிட நம் வீட்டுத் தமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. காட்டுக்குள் ஒரு திருப்பத்தில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். யார் யார் வருகிறோம் என்று மலையிடம் சொல்கிறாராம்.

"பொம்பளைங்க ரெண்டு பேரு உண்டுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அதுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சொல்லணுமில்லா" என்றார்.

நாம் வருவது மலைக்கு இஷ்டமில்லையா, இவருக்கு இஷ்டமில்லையா? அப்போதிருந்து அவர்மேலும் ஒரு கண் வைத்தேன்.

உச்சியில் சிலையைத் தொடாமல் தள்ளி நின்று கும்பிடச் சொன்னார். கும்பிட்டோம். காற்று ஆளைத் தள்ளியது. நான் கண்ணைத் திறந்தபோது நீயும் அவரும் பாறைக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. கூட்டத்தில் நாம்தான் கடைசி. இறங்கும்போது ஓரிடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு, இருவரும் ஓடைப் பக்கம் போய் அரை மணி நேரம் கழித்து வந்தீர்கள். "ஒண்ணுக்குப் போனேம்ட்டி" என்றாய். அவரையும் கூட்டிக்கொண்டா?

மறுநாள் காலை அதிருமலை முகாமில் நீ குளிக்கப் போனதும் உன் பையைத் திறந்தேன். துண்டுக்குள் சுருட்டி, காட்டு இலையில் பொதிந்து, நாரால் கட்டியிருந்தது ஒரு வேர். அதில் ஒட்டிய மண்கூடக் காயவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மலையில் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு போகிற பட்டணத்துக்காரர்களில் நீயும் ஒருத்தி. பிடிபட்டால் கூட வந்த நானும் மாட்டுவேன். வந்த வழியே இறங்கிச் சாவடியை அடைந்ததும், நீ முகம் கழுவப் போன சமயம் பார்த்து, அங்கிருந்த பெண் காவலரிடம் மெதுவாகச் சொன்னேன். "அந்தச் சேச்சியோட பையை ஒண்ணு பாருங்க."

பார்த்தார்கள். இருபது பேருக்கு முன்னால் இலையைப் பிரித்து வேரை மேசைமேல் வைத்தார்கள். உன் வலது கை நடுங்கியது. பயத்தில் என்று நினைத்தேன். இடது கை அசையாமல்தான் இருந்தது என்பதை அடுத்த கணம்தான் கவனித்தேன். அந்த ஃபைல்களையெல்லாம் நீ ஏன் தள்ளிவைத்தாய் என்பது அங்கே, அந்த மேசைக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது.

காணிக்காரர் முன்னால் வந்தார். "நான் கொடுத்ததாக்கும். கை நடுக்கத்துக்கு. மலைகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்" என்றார். பிறகு வேரைப் பார்த்துக்கொண்டே, "வாங்குனவங்க கண்ணைத் தவிர வேற கண்ணு படப்படாது. இனி இது பலிக்காது" என்றார். அதனால்தான் என்னிடம்கூட நீ மறைத்திருக்கிறாய். விதி விதிதான் என்று அந்த சீசன் முழுக்க அவரை வழிகாட்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாய். ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினாய். யார் சொன்னது என்று அன்று கேட்கவில்லை. அதற்கப்புறமும் நீ இருந்தவரைக்கும் கேட்கவில்லை. "நீயாவது கூட வந்தியே" என்று எப்போதாவது சொல்வாய். அது நன்றியா, குத்தலா என்று வீட்டுக்குப் போய்ப் பிய்த்துப் பிய்த்துப் பார்ப்பேன். இரண்டு வருடத்தில் உன் கை நடுக்கம் அடங்கியது, கையெழுத்து பழையபடி நிமிர்ந்தது. எனக்குத் தெரியாமல் ஏதோ பெரிய டாக்டரைப் பார்க்கிறாய் என்று அதற்கும் உன்மேல் வருத்தப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை.

இந்தத் தை மாதம் தனியாகப் போணக்காடு போனேன். அந்தக் காணிக்காரர் மறுபடியும் வேலைக்கு வந்து, சாவடியில் ஆட்களுக்காகக் காத்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நீ இறந்ததை மட்டும் சொன்னேன். தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா மருந்துக்கு மறு வருசமும் வந்தாங்க. ஒத்தைக்கு" என்றார். "கூட்டுக்காரி எங்கன்னு கேட்டேன். 'அவளைக் கூட்டிட்டு வந்தா பையைத் திறந்து பாத்துருவா'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து பாதிச் சோற்றை எனக்குத் தந்திருக்கிறாய். நீ சிரித்தது நிஜமா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அவராகச் சேர்த்துச் சொன்னதா என்று, திரும்பும் பஸ் விதுரையைத் தாண்டுவதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். இந்தப் புத்தி என்னைவிட்டுப் போகாது. ஆனால் இரண்டு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று காட்டிக்கொடுத்தது நான்தான், அக்கா. இரண்டாம் முறை நான் கூட வராததால்தான் மருந்து உனக்குப் பலித்தது.