துவைக்கிற கல்

ஜனவரி 8, திங்கள்
பட்டறைத் தெரு முன்வரிசை இன்று தரைமட்டம். ஓசூருக்குக் கம்பெனிகள் வந்த காலத்தில் எங்களை மாதிரி ஆட்களுக்காக ஓனர் கட்டின லைன் வீடுகள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்குச் சண்டை, இந்தப் பக்கம் தமிழ்ச் சண்டை, எதிரே கன்னடம். மூன்றிலும் திட்டு வாங்கினவன் நான் ஒருத்தன்தான். ஓனர் செத்ததும் மகன் விற்றுவிட்டான். அடுக்கு மாடி வருகிறதாம். எங்கள் பின்வரிசைக்கு இரண்டு வருடம் தவணை.

"அப்புறம் எங்கய்யா போறது?" என்றாள் என் பெண்டாட்டி செல்லி.

"உங்கம்மா வூட்டுக்கு" என்றேன். செல்லி சிரிக்கவில்லை. அவள் அம்மா செத்துப் பல வருடம். பெங்களூரில் மகன் ஆனந்தராஜ் ஒரே அறையில் நாலு பேரோடு கிடக்கிறான்.

ஜனவரி 11
குழாயடிக் கல்லை எடுத்துவிட்டு லாரிக்குப் பாதை போடப் போகிறார்களாம். தெருவே துணி துவைக்கிற கல். பாதை வந்தால் இரண்டு வருடமாவது ஒண்ணாவது!

விடிவதற்குள் கல்லுக்கு மஞ்சள் பூசி, செல்லியின் குங்குமத்தை அப்பி, எலுமிச்சம்பழம் வைத்தேன். வேடியப்பன் சாமி என்றேன். இந்தப் பக்கம் நட்டு நிற்கிற கல்லெல்லாம் வேடியப்பன்தானே. பொக்லைன் ஓட்டுகிற கிருஷ்ணப்பன், தளிக்காரன், செருப்பைக் கழற்றிவிட்டான். "பேடா தாத்தா, வேணாம், நான் தொட மாட்டேன்."

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா என் காதில், "யோவ் கங்கப்பா, நேத்து அதுமேலதான்யா என் பாவாடைய தொவைச்சேன்."

"அதான் சாமிக்கு உன்மேல கோவம்" என்றேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

ஜனவரி 19
பயமாக இருக்கிறது. பில்டர் ஆட்கள் கிருஷ்ணப்பனை அதட்டி வண்டியில் ஏற்றினார்கள். பொக்லைன் பக்கெட் கல்லில் இடித்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினவன் படியில் வழுக்கி விழுந்தான். கால் முறிந்துவிட்டது.

பாப்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். "சாமி மேலயா இத்தினி வருசம் தொவைச்சேன்!" தேங்காய் உடைத்தாள். அந்தப் பாப்பம்மா!

செல்லியிடம் கேட்டேன், அது வெறும் கல்லுதானே என்று.

"ஊரையே கேலி பண்ணினல்ல? இப்ப அது உன்ன பண்ணுது."

ஜனவரி 20
தூக்கம் இல்லை.

பிப்ரவரி 2
பில்டரின் மேனேஜர் கௌதம் வந்தான். கல்லைக் கும்பிட்டான். "சாமிக்குக் கோயிலே கட்டிடலாம் தாத்தா. சுத்தி இடம் வேணும். உங்க வரிசைய இந்த மாசமே எடுத்துடறோம்."

சாமி காரியம் என்று தெருவே தலையாட்டுகிறது. பாப்பம்மாதான் முதலில் ஆட்டினாள்.

என்னடா பண்ணி வச்சிருக்கே கங்கப்பா? இத்தினி பேரு வூட்டையும் நீதானே இடிச்சே — பொக்லைனா இடிச்சது?

பிப்ரவரி 5
கௌதமிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அது துவைக்கிற கல்லுப்பா, நான்தான் மஞ்சள் பூசினேன், வீடுகளை விட்டுடு.

அவன் சிரித்தான். "தெரியும் தாத்தா. சோப்பு வாசம் இன்னும் போகல. பிளாட் பாக்க வர்றவங்க கோயில் இருக்குதான்னுதான் மொதல்ல கேக்கறாங்க." பிறகு தோளில் கை போட்டான். "நீங்களே பூசாரியா இருந்துக்கங்க. பின்னால ஒரு ரூம் தர்றோம். அம்மாவும் நீங்களும் இருக்கலாம். என்கிட்ட சொன்னத வெளிய சொல்லாதீங்க, அவ்ளோதான்."

தெருவில் சொல்லலாமா? கிருஷ்ணப்பன் கால் முறிந்ததும் என் பொய்யால்தானே? வெட்டிப் போடுவார்கள். சொல்லாவிட்டால் எல்லாரும் போகிறார்கள், நான் மட்டும் இருக்கிறேன்.

செல்லி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ரூம் கிடைத்துவிட்டது என்றேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை.

பிப்ரவரி 26
பின்வரிசையும் போயிற்று. நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி
பாப்பம்மா உத்தனப்பள்ளியில் வாடகைக்கு இருக்கிறாள். பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்திருந்தாள். கேட்டில் வாட்ச்மேன் யாரு, எதுக்கு என்று விசாரித்துத்தான் விட்டானாம். என்னை யோவ் என்றே கூப்பிட்டவள், கைகூப்பிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"சாமி, எங்கள மறுபடியும் இந்தத் தெருவுக்கே கொண்டாந்து சேக்கச் சொல்லுங்க."

ஏதாவது கிண்டல் பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். விபூதி எடுத்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவள் என் கையையே பார்த்தாள். "அருள் வந்திருக்குதுங்களா சாமி?"

ஆமாம் என்றேன்.