இரண்டாவது தொட்டி

என்னங்க,

போனில் பேசினால் உங்கள் அம்மா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

மீன்கள் நன்றாக இருக்கின்றன. அதில்தான் குழப்பமே.

நீங்கள் கோபித்துக்கொண்டு போனபோது இரண்டு தொட்டி மீன்களிலும் பேன் அப்பிக்கிடந்தது அல்லவா? கடை மருந்துதான் கேட்கும் என்று நீங்கள் கத்தினீர்கள். பூண்டுச் சாறே போதும் என்று நானும் கத்தினேன். பார்த்துவிடலாம் என்று முதல் தொட்டியில் மட்டும் சாறு ஊற்றிவந்தேன். இரண்டாவதைச் சும்மா விட்டேன். அப்போதுதானே சாற்றின் லட்சணம் தெரியும்?

முதல் தொட்டி தேறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பார்த்தால் இரண்டாவதும் தேறியிருக்கிறது! அப்படியானால் பேன் தானாகவே போனதா? என் சாறு வெறும் தண்ணீரா?

நேற்று இரண்டாவது தொட்டியருகே உங்கள் அம்மாவைப் பூண்டுச் சாற்றுக் குவளையும் கையுமாகப் பிடித்தேன்.

"என்ன அத்தை இது?"

"அதுங்களும் அரிப்பு தாங்காம சுவத்துல தேச்சுக்கிட்டுத்தானேம்மா கெடந்துச்சு? பாத்துக்கிட்டு இருக்க முடியல. நீ அந்தப் பக்கம் போனதும் ஊத்திடுவேன்."

என் கையே பூண்டு நாற்றம். அவர் கையில் அடித்தது எனக்கு எங்கே தெரிந்தது!

"கொஞ்ச நாள் தனித்தனியா இருந்து பாப்போம், அப்பத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். போன வாரம் நீங்களே, "வரட்டுமா?" என்றீர்கள். உங்கள் அம்மா தினமும் மாடிக்குப் போய் உங்களிடம் போனில் பேசுவதை இன்றுதான் கவனித்தேன். உண்மையைச் சொல்லுங்கள். வரவேண்டும் என்று உங்களுக்கே தோன்றியதா, அங்கேயும் அவர் ஊற்றிக்கொண்டிருந்தாரா?

இங்கே உங்களைப் பற்றி நல்லதாகவே சொல்லிச் சொல்லி எனக்கு ஊற்றியதும் இப்போதுதான் உறைக்கிறது.

எதற்கும் வந்துவிடுங்கள்.

ஒன்றும் புரியாமல்,
முதல் தொட்டி